மொட்டுச் சாறு

கொழுந்தன் எக்ஸ்பிரஸ் கத்தி கொண்டுவந்திருந்ததை அண்ணி காட்டுக்குள் போன பிறகுதான் பார்த்தாள். அதற்குள் அவன் கூடை பாதி நிறைந்துவிட்டது.

"என்னடா இது?"

"காளான் மொட்டு அண்ணி. ஹோட்டல் மாஸ்டர் மொட்டுதானே கேட்டாரு?"

"மொட்டு தெரியுது. கத்தி எதுக்கு?"

"மண்ணோட பிடுங்கி, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, அண்ணன் ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்புறம் அடியை நறுக்கி... விடிஞ்சிரும். இங்கயே நறுக்கிட்டா ஒரு வேலை மிச்சம்ல?"

"உங்க அண்ணன் என்ன சொல்லியிருக்காரு?"

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. அவருக்கென்ன, முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. மாஸ்டர் எனக்குத்தானே போன் பண்றாரு?"

அவன் குறைமாதத்தில் பிறந்தவன். பிறக்கும்போதே அவசரம் என்று அவன் அண்ணன் வைத்த பெயர்தான் எக்ஸ்பிரஸ். சோற்றை மெல்லமாட்டான், கதவைச் சாத்தமாட்டான், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவான். கூடப் பிறந்தவன் என்பதால் அண்ணன் காளான்காரர் பொறுத்துக்கொண்டார். அண்ணி பழகிக்கொண்டாள்.

இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அன்று காலையும் தூறலாக இருந்தது. ஓடைக்கு அப்பால் மரங்கள் முடிந்து புல் தொடங்குகிற விளிம்பில் மொட்டுகள் வரிசை கட்டி நின்றன. முட்டையளவு, வெள்ளை, இன்னும் குடை விரியாதவை. மழைக்குப் பிறகு ஒரு காலைப் பொழுது மட்டும் அப்படி நிற்கும். மத்தியானத்துக்குள் விரிந்துவிட்டால் மாஸ்டர் தொடமாட்டார்.

அந்த வீட்டில் காளானை அறுப்பதில்லை. அடித்தண்டைப் பிடித்து லேசாகத் திருகி, மண்ணோடு முழுசாக எடுப்பார்கள். சாப்பிடுகிற வெள்ளைக் காளானின் அடி மொட்டையாக இருக்கும். கொல்லுகிற வெள்ளைக் காளானோ உடைந்த முட்டை ஓட்டுக்குள் நிற்பதுபோல ஒரு தோல் பைக்குள் நிற்கும். அந்தப் பை மண்ணுக்குள் இருக்கும். விரிந்துவிட்டால் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். மொட்டில் மடிப்பே தெரியாது. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே உருண்டை. பிளக்காமல் சொல்ல அடியைப் பார்த்தால்தான் உண்டு. காளான்காரர் அந்த இன்னொன்றைப் பைக்காரி என்பார். அதற்கு வேறு பெயர் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எக்ஸ்பிரஸ் கத்தியை மண்ணோடு மண்ணாக வைத்து இழுத்திருந்தான். அடி எல்லாம் பூமியிலேயே நின்றது.

"மடையா" என்றாள் அண்ணி.

"திட்டறதை வண்டியில வச்சுத் திட்டுங்க அண்ணி. நேரமாவுது."

பின்கட்டு மேசையில் விளக்கைத் தாழ இறக்கிக்கொண்டு காளான்காரர் உட்கார்ந்திருந்தார். ஓடைக்கரையில் வழுக்கி விழுந்ததில் இருந்து அவருக்கு நடமாட்டம் இல்லை. கூடையைப் பார்த்ததும் ஒன்றை எடுத்துத் திருப்பினார். வெட்டுப்பட்ட வாய் மட்டும் தெரிந்தது. இன்னொன்றைத் திருப்பினார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"யாரு அறுத்தது?"

"வேற யாரு, இவன்தான்" என்றாள் அண்ணி.

"அண்ணே, எல்லாம் ஒரே இடத்துல ஒரே வரிசையா நின்னுச்சு. அந்த இடம் நமக்குத் தெரிஞ்ச இடம்தானே? எத்தனை வருஷமா எடுக்கிறோம்?"

"இடம் தெரியும். நின்னது யாருன்னு தெரியணும்ல?"

கத்தியை வாங்கி ஒரு மொட்டை நெடுக்காகப் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு தட்டியிருந்தது. நல்லது. இன்னொன்று. அதுவும் நல்லது. இன்னும் சிலவற்றைப் பிளந்தபோது எக்ஸ்பிரஸின் போன் அடித்தது. மாஸ்டரின் குரல் மேசைவரை கேட்டது.

"எங்கப்பா இருக்கீங்க? இன்னிக்கு யாரு வர்றாங்கன்னு சொன்னேன்ல? அம்பதாவது கல்யாண நாளு. அவங்க கல்யாணம் ஆன வருஷத்து ஒயினை ஒரு வருஷமாத் தேடிக் கண்டுபிடிச்சு வரவழைச்சு வச்சிருக்கோம். அந்த ஒயினுக்கு இந்தச் சாறுதான் ஜோடி. பிளக்காம முழுசாக் கொண்டாங்க. பிளந்தது கருத்துரும், சாறு கலங்கிரும். சாறு கலங்கினா என் மூஞ்சி கலங்கிரும்."

போன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. காளான்காரர் மீதியை விரலால் அமுக்கிப் பார்த்தார், மூக்கருகே வைத்துப் பார்த்தார், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

அந்தப் போன் அடிக்காமல் இருந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அண்ணிக்கு அது தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்பிரஸ் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு பறந்துவிட்டான்.

அந்த ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சாப்பாட்டு அட்டையில் விலையும் கிடையாது. விலை கேட்கிறவர்கள் அங்கே வருவதில்லை. ஆனால் அதன் சமையலறையில் ஒரு வழக்கம் இருந்தது. காட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் கொண்டுவந்தவர் அந்தக் கூடையிலிருந்தே ஒரு தட்டு சாப்பிட்ட பிறகுதான் சரக்கு உள்ளே போகும். எத்தனையோ வருஷமாகக் காளான்காரர் அந்த அடுப்படியில் நின்றபடி வெண்ணெயில் வதக்கிய காளானைத் தின்றிருக்கிறார். முட்டி போன பிறகு அந்த வேலை எக்ஸ்பிரஸுக்கு வந்தது. அவனுக்கு அது கொண்டாட்டம். "மாப்பிள்ளைக்கு இலை போடுங்கப்பா" என்று சமையலறைப் பையன்கள் கிண்டல் செய்வார்கள். இவன் இன்னொரு கரண்டி கேட்பான்.

அவன் போன பிறகு அண்ணி தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடாமலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பற?"

"இந்தா வந்துர்றேன்."

"மழை பெய்யுது."

"பெய்யட்டுமே."

காளான்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முட்டி சரியாக இருந்திருந்தால் அவரே போயிருப்பார்.

புல்லுக்குள் வெட்டுப்பட்ட அடிகள் வெள்ளைக் காசுகள் சிதறிக் கிடப்பதுபோல் தெரிந்தன. அண்ணி முழங்காலிட்டு முதல் அடியைச் சுற்றி மண்ணுக்குள் விரலை விட்டாள். மொட்டை. அடுத்தது. மொட்டை. கையில் பிடித்து வெளியே இழுத்தும் பார்த்தாள். வேர் மண் மட்டும். மரத்தின் பக்கமாக வரிசை வளைந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மெனக்கெட்டு வந்தோமே என்றுகூட நினைத்தாள்.

அப்போது விரலில் தோல் தட்டுப்பட்டது.

ஈரமாக, மெல்லிசாக, தண்டை ஒட்டாமல் சுற்றி நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையாலும் மண்ணை விலக்கினாள். குழிக்குள் கிண்ணம்போல ஒரு வெள்ளைப் பை. நடுவில் வழுவழுவென்று அறுபட்ட தண்டு. தலை இல்லை.

அதைப் பையோடு தோண்டி எடுத்து ஒரு பெரிய இலையில் சுற்றினாள். எழுந்து ஓடினாள்.

வீட்டில் எக்ஸ்பிரஸ் திரும்பி வந்து, வயிறு நிறைந்தவனாக பெஞ்சில் சாய்ந்திருந்தான். அண்ணி இலையை மேசையில் வைத்துப் பிரித்தாள். காளான்காரர் விளக்கை இழுத்தார். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"வரிசையிலதான். மரத்துப் பக்கம்."

"அண்ணே, அது பழசா இருக்கும். முந்தாநாளு யாராவது..."

"வெட்டு இன்னும் காயலை பாரு. அடி இங்க இருக்கு. தலை எங்கடா போச்சு?"

எக்ஸ்பிரஸ் எழுந்து உட்கார்ந்தான். தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"நான் சாப்பிட்டேனே அண்ணே. நல்லாத்தானே இருக்கேன்? ரெண்டு கரண்டி சாப்பிட்டேன். ஒண்ணும் பண்ணலையே?"

"இப்பப் பண்ணாதுடா. பைக்காரி பாதி நாள் உள்ள உட்கார்ந்திருந்துட்டுத்தான் எழுந்திருப்பா."

"அப்ப அந்த வழக்கம்? அங்க நின்னு சாப்பிட்டுக் காட்டறது?"

"அது அவங்க மனசாறுதலுக்கு. அதால ஒண்ணும் தெரியாது."

"இது உங்களுக்குத் தெரியுமா?"

காளான்காரர் அந்தப் பையை மறுபடி இலையில் சுற்றத் தொடங்கினார்.

"தெரிஞ்சே என்னைய அனுப்புனீங்களா?"

"நானும்தானேடா சாப்பிட்டேன், இத்தனை வருஷம்? நம்ம அடியைப் பார்த்து எடுக்கிறோம், தப்பு வராதுன்னு நம்பித்தான் சாப்பிட்டேன். நீ கத்தியைக் கொண்டுபோவேன்னு நான் கண்டேனா?" அவர் குரல் இறங்கியது. "டேய், எப்படி இருந்துச்சு?"

"என்னது?"

"ருசி."

"சூப்பரா இருந்துச்சு அண்ணே. எப்பவும் விட இன்னிக்கு..."

காளான்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதைத் தின்று பிழைத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸுக்கும் அது தெரியும். அவன் வாயைப் பாதியில் மூடினான்.

அண்ணி மாஸ்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியான விருந்து தொடங்கிவிட்டால் சமையலறையில் எல்லோர் போனையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

"நேர்ல போறேன்."

"அண்ணி, கொஞ்சம் யோசிங்க. போய் என்ன சொல்லுவீங்க? விஷம் கொடுத்துட்டோம்னா? போலீஸ் வரும். இனிமே எந்த வாசல்லயும் நம்மளை நிக்க விடமாட்டாங்க. ஒரே ஒரு மொட்டு அண்ணி. அது என் தட்டுல விழுந்திருந்தா அங்க ஒண்ணுமே இல்ல. சும்மா போய்..."

"உன் தட்டுல விழுந்திருந்தா உனக்குப் பரவாயில்லையா?"

அவன் அண்ணனைப் பார்த்தான்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்க. அங்க ஒருத்தி வாயில வச்சிருப்பா. எடுடா வண்டியை."

"நேரா அவளை அங்க இறக்கிட்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் காளான்காரர். "நான் எப்படியாவது வந்துர்றேன்."

எக்ஸ்பிரஸ் ஓட்டிய ஓட்டத்தில் அன்று அண்ணி ஒரு தடவைகூட மெதுவா போ என்று சொல்லவில்லை. பின்வாசலில் இறங்கியதும் அவனை விரட்டினாள். அவன் போகவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். அவளும் வந்தால்தான் போவேன் என்றான்.

சமையலறையில் சத்தமே இல்லை. பெரிய விருந்தன்று அப்படித்தான். கரண்டி தட்டில் பட்டால்கூட மாஸ்டர் முறைப்பார். வெள்ளைத் தொப்பிகள் குனிந்து நின்று மீன் துண்டுகளின் மேல் இலைகளை இடுக்கியால் வைத்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, இப்ப வராதீங்க" என்றார் மாஸ்டர், திரும்பாமலே. அங்கே எல்லோருக்கும் அவள் அண்ணிதான். "காசு நாளைக்கு வாங்கிக்கலாம். நாலாவது ஐட்டம் போயிட்டிருக்கு."

"மொட்டு அடுப்புல இருக்கா மாஸ்டர்?"

"அடுப்புல ஏது? காலையிலேயே மொத்தத்தையும் அரைச்சு, கொதிக்கவச்சு, துணியில வடிகட்டி... தெளிவுன்னா தெளிவு, கண்ணாடி மாதிரி. இப்பத்தான் உள்ள போச்சு."

அவள் இலையைப் பிரித்தாள். அது என்னவென்று சொன்னாள்.

"அதெப்படி?" என்றார் மாஸ்டர். "உங்க கொழுந்தன் சாப்பிட்டானே? என் கண்ணு முன்னால சாப்பிட்டான். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

"இது சாயங்காலத்துக்கு மேலதான் வேலையைக் காட்டும். சில பேருக்கு மறுநாள்."

"மறுநாளா?" அவர் கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "அப்ப இவ்வளவு நாளா நாங்க சாப்பிட வச்சுப் பார்த்தது?"

"கொதிக்க வச்சாலும் விஷம் போகாது மாஸ்டர். எடுக்கச் சொல்லுங்க. முதல்ல எடுக்கச் சொல்லுங்க."

மாஸ்டருக்குப் பெரிய உடம்பு. அது அப்படியே ஒரு காய்கறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தது. மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது அண்ணியின் காலைத்தான். முழங்கால்வரை சேறு.

"யாரும் சத்தம் போடாதீங்க. சாறு கொஞ்சம் ஆறிப்போச்சு, மாத்தித் தர்றோம்னு சொல்லி எடுத்துருவோம். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

"குடிச்சவங்க?"

"இன்னும் யாரும் குடிச்சிருக்க மாட்டாங்க. ஒயின் ஊத்தி முடிச்சப்புறம்தான் கரண்டியை எடுக்கணும்னு சொல்லியிருக்கு."

"குடிச்சிருந்தா? அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதே அண்ணி அவரைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நீளமான மேசை. வெள்ளைத் துணி. ஒவ்வொருவர் முன்னும் சின்னக் கிண்ணத்தில் தேன் நிறத்தில் சாறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் உயரமும் அகலமுமாகக் கண்ணாடிக் கோப்பைகள், அவளால் எண்ண முடியாத அளவுக்கு. யாரும் கரண்டியைத் தொட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் ஒயின்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு மெழுகுவர்த்திக்கு மேலே புட்டியைச் சாய்த்துப் பிடித்து, கழுத்தில் வண்டல் வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தபடி, ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நூல்போல ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐம்பது வருஷம் இருட்டுலயே படுத்திருந்த ஒயின்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "பழ வாசனை எல்லாம் எப்பவோ போயிடுச்சு. இப்ப மழை பெஞ்ச காடு, நனைஞ்ச மண்ணு..."

நனைந்த மண் வாசனையோடு அண்ணி மேசை ஓரத்தில் நின்றாள்.

"குடிக்காதீங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். "யாரும் அதைக் குடிக்காதீங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒயின்காரர் மட்டும் திரும்பவில்லை. பாதியில் நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். அவர் கடைசிச் சொட்டுவரை ஊற்றி, புட்டியை வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பயந்தார்.

மேசைத் தலைமாட்டில் இருந்த வக்கீல் எழுந்தார். அவருடைய கல்யாண நாள்தான். "யார் இது? மேனேஜர்! யார் இவங்க?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, டீச்சரம்மா, வாயை நாப்கினால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த கிண்ணம் காலி. வக்கீலின் கிண்ணமும் காலி. அண்ணி அந்த இரண்டு கிண்ணங்களையும் பார்த்தாள்.

"அம்மா, நீங்க குடிச்சிட்டீங்களா?"

"அவருக்குக் காளான் ஆகாது. அவரோடதையும் சேர்த்துக் குடிச்சிட்டேன்" என்றாள் டீச்சரம்மா. "பிள்ளைங்களை வரிசையில நிக்க வச்சே காலம் போயிடுச்சு. இன்னிக்காவது ஒயினுக்குக் காத்து நான் வரிசையில நிக்க வேணாம்னு பார்த்தேன். ஏம்மா, நீங்க யாரு?"

"இந்தக் காளானை எடுத்தவங்க."

"விஷமா?"

"கூடையில ஒண்ணு விஷம்."

"ஒண்ணே போதுமா?"

அண்ணி தலையை ஆட்டினாள். டீச்சரம்மா காலிக் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். பிறகு அதை வக்கீலின் பக்கமிருந்து தள்ளி, மேசையின் நடுவில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டீச்சரம்மாவுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் ஒரு திரைச்சீலை. விஷத்தை உறிஞ்சட்டும் என்று இரண்டு பேருக்கும் கரைத்த கரியைக் குடிக்கக் கொடுத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள்.

"இப்ப ஒண்ணும் தெரியாது. ஈரல்தான் முக்கியம். நாளைக்கு, நாளன்னிக்கு எடுக்கிற ரத்தத்துலதான் தெரியும். நல்லாயிருக்கிற மாதிரியே இருக்கும், அதை நம்பாதீங்க."

விருந்துக்குப் போட்டுக்கொண்ட பட்டும் முத்துமாலையுமாக டீச்சரம்மா படுத்திருந்தாள். உதடெல்லாம் கரி.

"எட்டு ஐட்டம்னு அட்டையில போட்டிருந்தாங்க" என்றாள் மகனிடம். "அஞ்சாவது இதுதான் போலிருக்கு. இதுக்கு எந்த ஒயின்னு கேட்டுச் சொல்லேன்."

மகன் சிரிக்கவில்லை. வக்கீல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "ஒருத்தனையும் விடமாட்டேன்" என்று அவ்வப்போது சொன்னார்.

காளான்காரர் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் வந்து சேர்ந்தார். கம்பு ஊன்றி நேராக வக்கீலின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் சரியா இருக்குன்னு சொன்னவன். அவங்க ரெண்டு பேரும் இல்ல."

வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றார்.

எக்ஸ்பிரஸ் அசையாமல் படுத்திருந்தான். அவன் இவ்வளவு மெதுவாக மூச்சு விட்டு அண்ணி பார்த்ததில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து, உள்ளே ஏதாவது கேட்கிறதா என்பதுபோல இருந்தான்.

"அண்ணி, இப்ப வலிக்கிற மாதிரி இருக்கு."

"எங்க?"

"இல்ல. இல்ல, வலிக்கலை."

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, எனக்கு ஏதாவது ஆனா வண்டியை வித்துராதீங்க" என்றான்.

"வாயை மூடுறா. வித்தா எவன் வாங்குவான், நீ ஓட்டின வண்டியை?"

ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியபோது அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அண்ணி பாத்திரத்தை நீட்டுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. கறுப்பாக வந்தது. மறுபடி வந்தது. அவன் முதுகு வில்லாக வளைந்தது. நர்ஸ் ஓடிவந்தாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிற்று.

அவனைப் படுக்கவைத்து வாயைத் துடைத்தபோது திரை கொஞ்சம் விலகியிருந்தது. டீச்சரம்மா தலையணையிலிருந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அத்தனை மணி நேரமாக இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. ஒரே ஒரு மொட்டு. அது இவன் வயிற்றில் இருந்தால் தன் வயிற்றில் இல்லை. அண்ணி அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டாள். அவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பிடித்த கையோடு, இது இவனாக இருந்தால் அந்த அம்மா பிழைக்கும் என்று ஒரு தடவை நினைத்தாள். அந்த அம்மாவாக இருந்தால் இவன் பிழைப்பான் என்று அடுத்த தடவை நினைத்தாள். காளான்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதை நினைத்தார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வந்து எக்ஸ்பிரஸின் கண்ணைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள்.

"பயத்துலயும் வாந்தி வரும், கரியாலயும் வரும். ஆனா நேரம் சரியா இருக்கு. எத்தனை இருந்துச்சு? ஒண்ணுதானே?"

"ஒண்ணு" என்றார் காளான்காரர்.

"நிச்சயமா? ஒண்ணுன்னா, அது இவர் தட்டுல போயிருந்தா, அந்த அம்மாவைப் பத்தி நான் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. நாலஞ்சு இருந்துச்சுன்னா இப்பவே ரெண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க இடம் கிடைக்கிறது கஷ்டம். சும்மா கேட்டா தரமாட்டாங்க. எண்ணிக்கை சொல்லணும்."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். டீச்சரம்மாவும் திரும்பிப் பார்த்தாள். வக்கீல், "சொல்லுங்கம்மா, ஒண்ணுதானே?" என்றார். அன்று அவர் குரலில் கோபம் இல்லாமல் கேட்டது அப்போதுதான்.

ஒன்று என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அறையில் எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"நான் பார்த்தது ஒண்ணு" என்றாள். "பார்த்ததும் ஓடிவந்துட்டேன். அதுக்கு அப்புறம் இருக்கிறதைத் தோண்டிப் பார்க்கலை."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றாள் டாக்டர்.

"முக்கால்வாசி."

வக்கீல் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எக்ஸ்பிரஸ் கட்டிலில் இருந்தபடி, "போங்க அண்ணி" என்றான். "இருட்டறதுக்குள்ள போங்க. மரத்துப் பக்கம்தான் நான் நிறைய அறுத்தேன்."

மகன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

காரின் சீட்டில் அண்ணியின் சேலைச் சேறு ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கப் போனாள். "விடுங்க" என்றான் அவன்.

ஓடையைத் தாண்டும்போது அவனுடைய மெருகேற்றிய ஷூ தண்ணீருக்குள் போயிற்று. மழை விட்டிருந்தது. புல்லின் மேல் மஞ்சள் வெளிச்சம் படுத்திருந்தது. காலையில் யாரும் தொடாமல் விட்ட மொட்டுகள் இப்போது குடையாக விரிந்து நின்றன.

அண்ணி தான் நிறுத்திய இடத்தைக் கண்டுபிடித்தாள். தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. முழங்காலிட்டாள். அவன் கோட்டைக் கழற்றி ஒரு கிளையில் போட்டுவிட்டு எதிரே குந்தினான்.

"எதைப் பார்க்கணும்?"

"அடியைச் சுத்தித் தோல் மாதிரி ஒரு பை இருக்கும். இல்லைன்னா நல்லது."

அடுத்த அடியைச் சுற்றி விரலை விட்டாள். இழுத்துக் காட்டினாள். மொட்டை.

"இது நல்லதா?"

"நல்லது."

அவன் அதை வாங்கிப் புல்லின் மேல் வைத்தான். அடுத்தது.

"நல்லது."

அடுத்தது.

"நல்லது."

வரிசையாக வைத்துக்கொண்டே போனான். அவன் முகத்தில் ரத்தம் ஊறத் தொடங்கியது. "அம்மா கெட்டிக்காரி" என்றான் திடீரென்று. "எங்களை அடிச்சதே இல்ல. ஒரு பார்வை பார்ப்பாங்க, அவ்வளவுதான்." அவள் அடுத்ததை இழுத்து நீட்டினாள். "இதுவும் நல்லதுதானே?" என்று அவனே ஒன்றை எடுத்துக் காட்டினான். நல்லதுதான். அவனும் தோண்டத் தொடங்கினான். நகத்துக்குள் மண் ஏறியது.

மரத்தை நெருங்கியபோது அவன் கை நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். அவனுடைய இரண்டு விரல்கள் மண்ணுக்குள் இருந்தன. அவன் அவற்றை எடுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை.

"இங்க ஏதோ தோல் மாதிரி இருக்கு" என்றான்.

அவள் அவன் கையை விலக்கிவிட்டு மண்ணைத் தள்ளினாள். வெள்ளைப் பை, உடையாமல் முழுசாக வந்தது. உள்ளே அறுபட்ட தண்டு.

"இது அதுவா?"

"அதுதான் சார்."

அவன் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அண்ணி அதை இலையில் வைத்துவிட்டு அடுத்ததை நோக்கி முழங்காலால் நகர்ந்தாள்.

"போதும்" என்றான்.

"இன்னும் இருக்கு சார். இந்த வரிசை முழுக்க இருக்கு."

"போதும்னு சொல்றேன்ல? ரெண்டுன்னு சொல்லிக்கலாம். ரெண்டுன்னு சொன்னா அனுப்பிருவாங்க. இதுக்கு மேல தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?"

"எண்ணிக்கை கேட்டாங்க."

"தோண்டாதீங்கம்மா" என்றான். "கையெடுத்துக் கும்பிடறேன், தோண்டாதீங்க."

அவன் உண்மையாகவே இரண்டு சேற்றுக் கைகளையும் சேர்த்தான். அவளைப் பார்க்க முடியாமல் மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளிச்சம் புல்லிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் வெட்டுப்பட்ட வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்தைச் சுற்றி வளைந்து போயின.

அண்ணி அடுத்ததைச் சுற்றி மண்ணுக்குள் விரலை விட்டாள்.